ஏழு வளைவு மேட்டுக்கு ஒரு சைக்கிள்

என் அண்ணி முதலில் "முடியும்" என்று சொல்லிவிடுவார். எப்படி முடியும் என்பதை வீட்டுக்கு வந்துதான் யோசிப்பார். அன்றும் அப்படித்தான். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

"மேட்டுல இருக்கிற யூனிபார்ம் கம்பெனியில வருஷ ஒப்பந்தம் தர்றாங்களாம். அறுபது மெஷின். ஆனா போன் பண்ணா இருபது நிமிஷத்துல நான் அங்க நிக்கணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியும்னேன்."

"எதுல போவீங்க? பறந்தா?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார்.

அண்ணியின் வேலை தையல் மெஷின் ரிப்பேர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது; ஊசியக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே ஒரு தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவர். பீஸ் கணக்கில் கூலி. மெஷின் நின்றால் கூலியும் நின்றுவிடும். மெக்கானிக்கோ மகாராஜா, எப்போது எழுந்தருளுவார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அண்ணி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து மெஷினின் மூடியைக் கழற்றிவிட்டார். சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவர் குதித்து முடிப்பதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் பக்கத்து மெஷின், அடுத்த மாதம் அந்த வரிசை முழுவதும். இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாகக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பைதான் பிரச்சினை. ஸ்பேனர், எண்ணெய் டப்பா, உதிரி ஊசிகள், கொக்கிகள் என்று ஒரு சின்னக் குழந்தையின் எடை இருக்கும். அதைத் தூக்கித் தூக்கியே வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. யூனிபார்ம் கம்பெனி இருப்பது ஊருக்கு மேற்கே செங்குத்தான மேட்டின் உச்சியில். சாலை ஏழு முறை வளைந்து ஏறும். மினி பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. நடந்தால் முக்கால் மணி நேரம். ஆட்டோவில் போனால் அங்கே வாங்கும் கூலி ஆட்டோக்காரருக்கே சரியாகிவிடும்.

"ஸ்கூட்டர் வாங்கிடலாமா?" என்றேன்.

"தவணை கட்டவே பொழைக்கணும். வேண்டாம். பேட்டரி சைக்கிள். நாமளே பண்ணுவோம். மூணு மாசம் டைம் கேட்டிருக்கேன். அப்புறம் ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் தருவாங்களாம்."

நான் போன், லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் வீடு இரண்டாகும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் கூடத்தின் பாதியை ஒரு சைக்கிள் பிடித்துக்கொண்டது.

புது பேட்டரி சைக்கிள் என்ன விலை என்று விசாரித்தோம். அதில் பத்தில் ஒரு பங்குதான் எங்களால் முடியும். "மீதி ஒன்பது பங்கை ஊசியால கட்டுவோம்" என்றார் அண்ணி. அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாளே புரிந்தது.

பக்கத்து அடுக்குமாடி வீட்டின் சைக்கிள் நிறுத்தத்தில், யாரோ காலி செய்து போகும்போது விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று நின்றது. நடுவில் கம்பி இல்லாத லேடீஸ் வண்டி. துருப்பிடித்திருந்தாலும் கனமான இரும்பு. அந்த வாட்ச்மேனின் மனைவிக்கு ஒரு தையல் மெஷின். இரண்டு மாதமாகத் தையல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. அண்ணி அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தார். எழுந்து வரும்போது கையில் சைக்கிள் இருந்தது.

"ஏம்மா, இது ஓடுமா?" என்று கேட்டான் அண்ணன். அவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவன். எவ்வளவு உயரமான சாரத்திலும் ஏறி நிற்பான். ஆனால் கரண்ட் என்றால் அலறுவான். ஸ்விட்சைக் கூட விரல் நுனியால்தான் தட்டுவான்.

"ஓட வைப்போங்க."

"வீட்டைக் கொளுத்தாம ஓட வை."

அடுத்தது மோட்டார். வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிகள் உடைந்தால் எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்குத்தான் வரும். கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டினார். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் வைத்த பின்சக்கரம் ஒன்று கிடந்தது. "அது செத்துப்போச்சும்மா. எடைக்குத்தான் போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஒயர்கள் வெளியே வந்தன. நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், சுகமாகச் சுற்றியது. பிறகு மூன்று ஒயர்களின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அண்ணியைச் சுற்றச் சொன்னேன். சக்கரம் அடம்பிடித்தது. கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுப்பது போல் முக்கி முக்கி நகர்ந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மோட்டார் சாகவில்லை! உள்ளே இருக்கும் காந்தமும் சுருளும் நன்றாக இருந்தால்தான் அப்படி அடம்பிடிக்கும். பழுது வேறு எங்கோ, சின்னதாக இருக்கவேண்டும். இரண்டு பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டோம். சந்தோஷத்தைக் காட்டினால் விலை ஏறிவிடும் அல்லவா.

"எடைக்குன்னா எவ்வளவு?" என்று அண்ணி வேண்டாவெறுப்பாகக் கேட்டார். கடைக்காரர் சொன்ன தொகையில் பாதியைக் கையில் கொடுத்தார். மீதிக்கு அவர் மகளின் தையல் கடையில் இருக்கும் இரண்டு மெஷின்களையும் சர்வீஸ் செய்து தருவதாகப் பேச்சு. தெருமுனை திரும்பும் வரை இருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பியதும் அண்ணி சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

பழுது ஒரு ஒயரில்தான். அச்சுக்குள் நுழையும் இடத்தில், மயிரிழை போன்ற மெல்லிய ஒயர் ஒன்று அறுந்திருந்தது. நான் பற்றவைத்தேன். அண்ணி தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மூச்சு விடாதே, மூச்சு விடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விட்ட மூச்சையும் சேர்த்து அவர் பிடித்திருந்தார் போல.

பேட்டரி என் பொறுப்பு. எங்கள் கடையில் செத்த லேப்டாப் பேட்டரிகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. முதலாளி, "எடுத்துக்கோ, இடமாவது காலியாகும்" என்றார். ஒரு லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளமாக ஆறு செல்கள் இருக்கும். பேட்டரி செத்தது என்றால் பெரும்பாலும் அதில் இரண்டுதான் செத்திருக்கும். மீதி நாலும் அந்த இரண்டால் கெட்ட பெயர் வாங்கியவை. நல்லதைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றி, எண் எழுதி, பத்து நாள் சும்மா வைத்திருந்து, மறுபடி அளந்து பார்த்தேன். தானாக இறங்கிப்போனவற்றைத் தள்ளிவிட்டேன்.

இதெல்லாம் பால்கனியில் நடந்தது. அண்ணன் எங்கிருந்தோ இரண்டு வாளி மணல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து குண்டு பண்றீங்க. போலீஸ் வந்தா நான் வாடகைக்கு இருக்கேன்னு சொல்லிடுவேன்" என்றான். ஆனாலும் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் எட்டிப் பார்த்து, ஏதாவது செல் சூடாக இருக்கிறதா என்று தூர நின்றே கேட்டுவிட்டுத்தான் போனான்.

எனக்கு நாற்பது செல் வேண்டும். பெட்டியில் கிடந்தவை ரொம்பப் பழசு; நூற்று முப்பத்தெட்டில் முப்பத்தொன்பதுதான் முதல் தரமாகத் தேறின. நாற்பதாவது கொஞ்சம் சோதா. இன்னொன்று கிடைக்கும் வரை பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் சேர்த்து, நான்கு நான்காகப் பத்து வரிசை, கடை மெஷினில் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டேன். புதிதாக வாங்கியவை மூன்றுதான்: மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர், சார்ஜர், பேட்டரிக்குக் காவல் நிற்கும் பாதுகாப்பு அட்டை. "இதுல மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது அண்ணி" என்றேன். பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணி தன் பங்குக்குச் செய்ததைப் பார்த்து எனக்கே பொறாமை. பேட்டரிக்கு ரெக்சினில் ஒரு பை தைத்தார். உள்ளே ஸ்பாஞ்சு, மூன்று வரிசைத் தையல், மழை உள்ளே போகாத மடிப்பு. வாங்கின பை இப்படி இருக்காது. பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அதற்கான பிடியைத் தனியாக வாங்கினால் செலவு. தையல் நேர்கோட்டில் போவதற்காக மெஷின் மேல் ஒட்டிவைக்கும் குட்டிக் காந்தத்தைப் பிரேக் பிடியில் ஒட்டி, எதிரே காந்தம் விலகினால் அணையும் ஒரு சின்ன ஸ்விட்சை வைத்தோம். பிரேக்கைத் தொட்டால் மோட்டார் கப்சிப்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வெள்ளோட்டம். மாடிகளில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி ஏறி உட்கார்ந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். வலது கைப்பிடியைத் திருகினார்.

சைக்கிள் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. இரண்டு ஆள் தூரம்தான். "கடக்" என்று ஒரு சத்தம். பின்சக்கரம் கோணிக்கொண்டது. அண்ணி பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தார்.

நாங்கள் ஓடினோம். முழங்கையில் ரத்தம். மோட்டாரின் அச்சு, தன்னைப் பிடித்திருந்த இரும்பை நெம்பிக்கொண்டு சுற்றியிருக்கிறது. ஒயர்கள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. நான் பற்றவைத்த ஒயர் மறுபடி அறுந்துபோயிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தான் அண்ணன்.

அண்ணி தரையில் உட்கார்ந்தபடியே அவன் கையைப் பிடித்து உலுக்கினார். "என்னங்க, பார்த்தீங்களா? இழுத்துச்சு! அச்சே பிடுங்கிட்டு வர்ற அளவுக்கு இழுத்துச்சு! இந்த இழுவைக்கு மேடு எம்மாத்திரம்?"

கை வலிக்கிறதா என்று கேட்டோம். அவர் காதில் விழவே இல்லை.

பலம் இருக்கிறது, அதைக் கட்டிப்போடத்தான் ஆள் இல்லை. அண்ணி அன்று மத்தியானமே தன் பையைக் கவிழ்த்து, இரண்டு பத்தாம் நம்பர் ஸ்பேனர்களை எடுத்தார். ஸ்பேனரின் வாய், அச்சின் தட்டையான பகுதியில் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. வால் பகுதியைச் சைக்கிளின் பின்கம்பியோடு சேர்த்து வளையம் போட்டு முடுக்கினார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இனிமேல் அச்சு சுற்ற வேண்டுமென்றால் முழு சைக்கிளும் சேர்ந்து சுற்ற வேண்டும். அறுந்த ஒயரை நான் மறுபடி பற்றவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது சைக்கிள் கிளிப்பச்சையாகப் பளபளத்தது. யார் வீட்டுக் குழந்தைகள் அறைக்கோ அடித்த பெயின்டில் மிச்சம். "துருவோட மேட்டுக்கு அனுப்பினா எனக்குத்தான் அசிங்கம்" என்றான் அண்ணன்.

மூன்று மாதக் கெடு முடிந்த நாளிலிருந்து அண்ணி போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. ஐந்தாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். நான் கடையில் இருந்தேன். அண்ணியிடமிருந்து போன். பின்னால் காற்று இரைந்தது.

"கூப்பிட்டுட்டாங்கடி! கிளம்பிட்டேன்! லைன்லயே இரு. ஏதாவது ஆச்சுன்னா சொல்லு." ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

என் கையில் அப்போது ஒரு உடைந்த திரை. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். கவுண்டருக்கு வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். "என்னம்மா விஷயம்?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தார். கிரிக்கெட் மேட்ச் கேட்பது போல் நான்கு தலைகளும் என் போனைச் சுற்றிக் குனிந்தன. முதலாளியும் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"மார்க்கெட் தாண்டிட்டேன்!" இது அண்ணி. பெல் சத்தம். "ஓரம், ஓரம்!"

"ஏழு நிமிஷம்" என்றார் கடிகாரக்காரர்.

"மேடு ஆரம்பிச்சிடுச்சு. ஏறுதுடி! பையோட ஏறுது! மினி பஸ்ஸு பின்னாடி வருது... என்னைத் தாண்ட முடியல அதுக்கு!"

கடையில் ஒருவர் கைதட்டினார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது என்று அண்ணி கத்திக்கொண்டே போனார். "நாலாவது! அஞ்சாவது இதோ வந்து..."

பேச்சு நின்றது. காற்றுச் சத்தமும் நின்றது.

"அண்ணி?"

"அணைஞ்சிடுச்சு. எல்லாமே அணைஞ்சிடுச்சு. விளக்கு கூட இல்ல."

"பதிமூணு" என்றார் கடிகாரக்காரர், தாழ்ந்த குரலில்.

எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. அந்த நாற்பதாவது செல். தொடர்ந்து முழு இழுவை இழுத்ததில் அந்த வரிசை மூச்சுத் திணறியிருக்கிறது. காவல் அட்டை கதவைச் சாத்திவிட்டது. தப்பு என்னுடையது. ஆனால் தப்பை ஒப்புக்கொள்ள அப்போது நேரம் இல்லை.

"அண்ணி, பயப்படாதீங்க. சாவியை அணைச்சிடுங்க. இறங்கித் தள்ளிக்கிட்டே நடங்க, நிக்காதீங்க. ஒரு நிமிஷம் பேட்டரி மூச்சு வாங்கட்டும். அப்புறம் சாவி போட்டு, பாதிதான் திருகணும். பாதிதான்! மீதியை மிதிங்க."

"முழங்காலு..."

"மிதிக்கிறதுல பாதியை மோட்டார் பார்த்துக்கும்."

மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. செருப்புச் சத்தம். திடீரென்று மெல்லிய ரீங்காரம்.

"வந்துடுச்சு!" அண்ணியின் குரல் உடைந்து வந்தது. "மிதிக்கிறேன். வருது. மெதுவா வருது."

"மெதுவாவே வரட்டும் தாயி" என்று அந்த நான்கு பேரில் ஒரு பெரியவர் போனைப் பார்த்துக் கத்தினார்.

"யாருடி அது?"

"கஸ்டமர்! நீங்க மிதிங்க!"

ஆறாவது. ஏழாவது. கேட் திறக்கும் சத்தம். "உள்ள வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தோம். இருபத்தொன்றரை நிமிஷம்.

ஒன்றரை நிமிஷம் தாமதம். நான்கு பேரும் தங்களுக்கே ஏதோ நஷ்டம் வந்தது போல் நின்றார்கள். ஒருவர் கூட வீட்டுக்குப் போகவில்லை. என்ன ஆனது என்று தெரியாமல் எப்படிப் போவது?

அரைமணி நேரம் கழித்து மறுபடி போன் வந்தது. அங்கே நடந்ததை அண்ணி ஒரே மூச்சில் சொன்னார். மேலாளர் அம்மா படியிலேயே நின்றிருந்தாராம். "இருபத்தொன்னு ஆயிடுச்சே" என்றாராம். அண்ணி, "ஆமாங்க, அஞ்சாவது வளைவுல நின்னுடுச்சு. முதல்ல மெஷினைப் பார்ப்போம், அப்புறம் என்னைத் திட்டுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கிற நேரம் தவறியிருந்தது. ஐந்தே நிமிஷம். மெஷின் ஓடியது.

திரும்பி வந்து பார்த்தால், மேலாளர் அம்மா சைக்கிளின் முன்னால் குனிந்து அந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இதை யார் பண்ணது?"

"நானும் என் நாத்தனாரும்."

"இந்த ரெண்டு ஸ்பேனரும் எதுக்கு?"

அண்ணி விளக்கினார். கீழே விழுந்ததையும் சேர்த்துச் சொன்னார். முழங்கைத் தழும்பைக் காட்டினார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "வருஷ ஒப்பந்தம் இப்போ தர முடியாது. ஆறு மாசத்துக்குத் தர்றேன். அதுக்குள்ள அந்த அஞ்சாவது வளைவைச் சரி பண்ணுங்க" என்றாராம். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "முற்றத்துல ஒரு ரவுண்டு போகலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு ரவுண்டு என்றவர் நாலு ரவுண்டு போனாராம்.

நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். கடிகாரக்காரர் கவுண்டரைத் தட்டினார். பெரியவர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது; ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பேட்டரியைப் பிரித்து அந்த நாற்பதாவது செல்லைக் கழற்றினேன். அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். "சுமார்னு தெரிஞ்சே வெச்சியா?" என்றார். தலையாட்டினேன். கோபப்படவில்லை. "ஊசி வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா மாத்திடணும். ஒரு தையல் விழட்டும் பார்ப்போம்னு விட்டா, துணியே போயிடும்" என்றார். புதுச் செல் போட்டு, மறுநாளே இரண்டு பேரும் முறை வைத்து அந்த மேட்டில் ஏறிப் பார்த்தோம். ஐந்தாவது வளைவில் மோட்டார் ஒரு முணுமுணுப்புக் கூட இல்லாமல் ஏறியது. உச்சியிலிருந்து இறங்கும்போது நான் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு கத்திக்கொண்டே வந்தேன். வயது முப்பத்திரண்டு எனக்கு.

ஆறு மாத ஒப்பந்தம் இப்போது இரண்டாவது முறை புதுப்பித்தாகிவிட்டது. மேட்டுக்கு அண்ணி பதினாறு நிமிஷத்தில் போகிறார். முழங்கால் முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் படி ஏறும்போது முனகுவது குறைந்திருக்கிறது. போன வாரம் அண்ணன் ஒரு நூலைச் சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தான்.

"என்னங்க இது?" என்றார் அண்ணி.

"என் ஏணியோட நீளம்" என்றான். "இதை ஏத்துற மாதிரி ஒரு வண்டி பண்ண முடியுமா?"

"முடியும்" என்றார் அண்ணி, நூலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல்.